‘வளைவு சரியில்லை’ என்று சொல்லத் தெரிந்த சி.இ. மீட்டர்

கோவையில் ஒரு நடுத்தர ஃபவுண்ட்ரியில் (வார்ப்பாலை) 19 வருடமாக மெல்டிங் பார்க்கிறேன். 500 கிலோ இண்டக்‌ஷன் ஃபர்னஸ் இரண்டு இருக்கின்றன. பம்ப் பாடி, இம்பெல்லர், மோட்டார் பாடி என்று பெரும்பாலும் எஃப்.ஜி. 200, எஃப்.ஜி. 220 (சாம்பல் வார்ப்பிரும்புத் தரங்கள்) வார்ப்புகள். உருகிய இரும்பின் வெப்பத்தையும் கார்பன் ஈக்விவலன்டையும் (சி.இ.: கார்பனோடு சிலிக்கான், பாஸ்பரஸின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் ஒரே எண்) அளக்க, உள்ளூரிலேயே ஒருவர் செய்துகொடுத்த கருவியை 11 மாதமாகப் பயன்படுத்துகிறோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

செய்தவரின் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டேன். “இப்ப வேண்டாங்ணா. மாசம் நாலு பெட்டிக்கு மேல என்னால பண்ண முடியாது. வர்றவங்களத் திருப்பி அனுப்ப மனசு வராது” என்றார். அதனால் பெயர் இல்லை. ஆனால் இந்த மாதிரிக் கருவி எதை வாங்கப் போனாலும் என்னென்ன கேட்க வேண்டும் என்பது இதைப் படித்தால் தெரியும்.

பெட்டி சுவரில் மாட்டுவது. அதற்கு இரண்டு இணைப்புகள். ஒன்று லான்ஸுக்கு (கைப்பிடி வைத்த நீண்ட குழாய்): முனையில் ஒரு முறை மட்டும் பயன்படும் டிப்பைச் செருகி, ஃபர்னஸிலோ லேடிலிலோ (இரும்பை ஊற்றும் வாளி) முக்கினால் வெப்பம் வரும். இன்னொன்று கப் ஸ்டாண்டுக்கு: சிறிய மணல் கப்பில் ஸ்பூனால் இரும்பை ஊற்றினால், அது ஆறி உறையும்போது வெப்பம் இறங்குவதை வளைவாக வரைந்து சி.இ.யையும் கார்பனையும் சொல்லும். டிப்பும் கப்பும் சந்தையில் கிடைப்பவைதான். லான்ஸ், ஸ்டாண்டு, பெட்டி, உள்ளே ஓடும் மென்பொருள் ஆகியவை அவருடைய வேலை.

இதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது வேறொரு நிறுவனத்தின் கருவி. பார்க்க அழகாக இருக்கும். எப்போது கேட்டாலும் ஒரு எண்ணைக் காட்டும். அந்த ‘எப்போது கேட்டாலும்’ என்பதுதான் பிரச்சினையே.

முதலில் வெப்பம். உருகிய இரும்புக்குள்ளேயே நிரந்தரமாக ஒரு சென்சாரை வைத்துவிடக் கூடாதா என்று புதிதாக வரும் டிப்ளமோ பையன்கள் கேட்பார்கள். 1500 டிகிரி இரும்பும் அதன்மேல் மிதக்கும் ஸ்லாக்கும் (கசடு) தொட்டதையெல்லாம் அரித்துவிடும். அதனால் சாகப் போகிற சென்சாரைத்தான் உள்ளே அனுப்புகிறோம். டிப்புக்குள் ‘யு’ வடிவக் குவார்ட்ஸ் குழாய், அதற்குள் தலைமுடி மாதிரி மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று, பிளாட்டினம் ரோடியம் கலந்த கம்பி ஒன்று. இரண்டும் சேரும் முனைதான் அளக்கிறது. மேலே ஒரு சின்ன உலோகத் தொப்பி இருக்கும். ஸ்லாக்கைத் தாண்டும்வரை குவார்ட்ஸைக் காப்பாற்றிவிட்டு, இரும்புக்குள் போனதும் உருகிப் போகும். கம்பிகளைக் காப்பது வெறும் அட்டைக் குழாய். அட்டை கருகுவதற்குள், குவார்ட்ஸ் இளகுவதற்குள், நாலைந்து விநாடியில் அளவை எடுத்துவிட வேண்டும். லான்ஸைப் பிடித்திருப்பவரின் கையும் அதற்கு மேல் தாங்காது. இத்தனை சின்னப் பொருளில் இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அதிலிருந்து வருகிற சிக்னல் எவ்வளவு சிறியது தெரியுமா? இந்தக் கம்பி ஜோடி, அதாவது எஸ் டைப் தெர்மோகப்பிள், 1500 டிகிரியில் கொடுப்பது சுமார் 15.6 மில்லிவோல்ட். ஒரு டிகிரி கூடினால் 12 மைக்ரோவோல்ட்தான் கூடும். பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான கிலோவாட்டில் ஃபர்னஸ் காயில் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைக் கலப்படம் இல்லாமல் பெட்டிவரை கொண்டுவர வேண்டும். பழைய கருவியில் பவரை நிறுத்தாமல் முக்கினால் எண் குதிக்கும். இதில் முறுக்கிய கம்பி, மேலே ஷீல்டு, பெட்டியில் நல்ல ஃபில்டர். ஒரு முறை சோதனைக்காக மட்டும் பவரைக் குறைக்காமல் முக்கிப் பார்த்தோம், ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஆடவில்லை. ஆனால் பாதுகாப்புக்காக எப்போதும் பவரை நிறுத்திவிட்டுத்தான் முக்குகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பழைய கருவியால் பட்ட ஒரு கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். அதில் லான்ஸ் கைப்பிடியிலிருந்து பெட்டிவரை காம்பன்சேட்டிங் கேபிள் (தெர்மோகப்பிள் கம்பி போலவே நடந்துகொள்ளும் தனிக் கலவைக் கம்பி). தரையில் கிடக்கும் கேபிள் என்பதால் அடிக்கடி பொறி விழுந்து தீயும். ஒரு முறை சர்வீஸுக்கு வந்தவர் புது கேபிள் போட்டபோது, அதன் இரண்டு கம்பிகளையும் இரு முனையிலும் மாற்றி இணைத்துவிட்டார். கருவி வேலை செய்தது, எண்ணும் வந்தது. ஆனால் கைப்பிடி 60 டிகிரியிலும் பெட்டி 35 டிகிரியிலும் இருந்தால், அந்த 25 டிகிரி வித்தியாசத்தைக் கூட்டுவதற்குப் பதில் கழிக்கும். தவறு இரட்டிப்பாகி, 1500 டிகிரி இரும்பை ஏறக்குறைய 27 டிகிரி குறைத்துக் காட்டும். கைப்பிடி சூடாகச் சூடாகத் தவறும் ஏறும். காலை முதல் ஹீட்டில் (ஒரு முறை உருக்குவது ஒரு ஹீட்) கிட்டத்தட்ட சரி, மதியத்தில் தப்பு.

நாங்கள் என்ன செய்தோம்? இரும்பு சூடு பத்தவில்லை என்று பவரை ஏற்றினோம். எங்களுடையது சிலிக்கா லைனிங் (ஃபர்னஸின் உள்பூச்சு). 1450 டிகிரிக்கு மேலே போய் அதிக நேரம் நின்றால், இரும்பிலுள்ள கார்பன் லைனிங்கின் சிலிக்காவைத் தாக்கும். கார்பன் குறையும், சிலிக்கான் ஏறும், லைனிங்கும் தேயும். மூன்று வாரம் கார்பன் ஏன் நிற்கவில்லை என்று சிபிசி (கார்பன் ஏற்றச் சேர்க்கும் பெட்ரோலியம் கோக்) தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் எங்கள் மெல்டர் அண்ணன்தான், “வெள்ளையா எரியுது, இது 1480 இல்லீங்க” என்று சொன்னார். அவர் கண் சரி, கருவி தப்பு. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது, ஏனென்றால் அதுவரை அவர் சொன்னதை நான் கேட்கவில்லை.

புதுக் கருவியைச் செய்தவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் லான்ஸுக்குள் மட்டும் காம்பன்சேட்டிங் கம்பியைப் போட்டு அதைக் கைப்பிடியிலேயே முடித்துவிட்டார். அந்த முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு பிடி-100 (பிளாட்டின மின்தடை) சென்சார், கைப்பிடியின் சூட்டைத் தனியாக அளக்கிறது. கைப்பிடியிலிருந்து பெட்டிவரை வெறும் செம்புக் கம்பி. தீய்ந்துபோனால் எலெக்ட்ரிகல் கடையில் ஷீல்டு கேபிள் வாங்கி நாங்களே மாற்றிக்கொள்ளலாம். தெர்மோகப்பிள் கம்பிகளை மாற்றி இணைத்தால் கருவி எண்ணே காட்டாது. 11 மாதத்தில் இரண்டு முறை கேபிள் மாற்றினோம், இரண்டு முறையும் அரைமணி நேர வேலை.

இன்னொன்று, பழைய கருவி தொட்ட உச்ச எண்ணை எடுத்துக்கொள்ளும். இது அப்படியில்லை. வளைவு தட்டையாகி ஒரு விநாடியாவது இரண்டு டிகிரிக்குள் நின்றால்தான் பச்சை விளக்கு. ஆழம் பத்தாமல் முக்கினாலோ, பாதியில் கையை இழுத்தாலோ சிவப்பு. பச்சை வந்தால் ஃபர்னஸ் மேடையில் நிற்பவருக்கு எண்ணைப் படிக்காமலே தெரியும்.

சரி, இப்போது கப்புக்கு வருகிறேன். இந்தக் கருவியை நான் மதிப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

வெளியில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்பு உறையும்போது முதலில் ஒரு வெப்பத்தில் கொஞ்சம் தயங்கும், அது லிக்விடஸ். அப்புறம் கீழே இன்னொரு வெப்பத்தில் நீண்ட நேரம் நிற்கும், அது யூடெக்டிக். கார்பன் ஈக்விவலன்ட் 0.1 கூடினால் லிக்விடஸ் சுமார் 12 டிகிரி இறங்கும். ஆக, இரும்பு எங்கே தயங்குகிறது என்று சரியாகப் பிடித்தால், வேதியியல் சோதனை இல்லாமலே இரண்டு மூன்று நிமிடத்தில் சி.இ. தெரியும். கப்பின் அடியில் கொஞ்சம் டெல்லூரியம் வைத்திருப்பார்கள். அது கிராஃபைட்டை வரவிடாமல் இரும்பை வெள்ளையாக உறையவைக்கும். அதனால் யூடெக்டிக் எப்போதும் ஒரே வகையாக, எங்கள் இரும்புக்கு 1115 டிகிரியை ஒட்டி வரும். இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் கார்பனைக் கணக்கிடுகிறார்கள்.

சி.இ. குறைந்தால் இம்பெல்லரின் மெல்லிய ஓரங்கள் வெள்ளையாகி இறுகி, மெஷின் ஷாப்பில் டூல் உடையும். ரொம்பக் கூடினால் பலம் போய்விடும். இடையில் உள்ள சந்து குறுகலானது. முன்பெல்லாம் ஆப்பு வடிவத்தில் ‘சில்’ டெஸ்ட் (‘சில்’ என்றால் வெள்ளையாக உறைவது) ஊற்றி, ஆறவைத்து, உடைத்து, வெள்ளை எவ்வளவு ஆழம் என்று பார்ப்போம். இப்போதும் பார்க்கிறோம், விடவில்லை.

இந்த அளவு சரியாக வர, கப்பில் ஊற்றுவது சரியாக இருக்க வேண்டும். கப் பாதிதான் நிறைந்தால் சீக்கிரம் குளிர்ந்து தயக்கம் மங்கிவிடும். ஸ்பூன் குளிர்ந்திருந்தால் இரும்பு லிக்விடஸுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட பிறகுதான் கப்பில் விழும். தயங்க வேண்டிய இடமே வளைவில் இருக்காது. பழைய கருவி அப்போதும் எங்கேயோ ஒரு புள்ளியைப் பிடித்து 3.92 என்றோ 4.05 என்றோ காட்டிவிடும். இரண்டு தசமம் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அப்படி ஒரு ராத்திரி ஷிஃப்டில் அந்த எண்ணை நம்பி கார்பன் சேர்க்காமல் விட்டு, ஒரு ஹீட் முழுவதும் இம்பெல்லர்கள் ஓரம் வெள்ளையாகிப் போயின.

இந்தக் கருவி அந்த மாதிரி நேரத்தில் எண்ணே காட்டாது. ‘வளைவு சரியில்லை, மறுபடி ஊற்றவும்’ என்று எழுதும். உச்ச வெப்பம் 1250-க்கு மேல் போகவில்லை என்றால் எண் கிடையாது. லிக்விடஸில் தெளிவான தட்டை இல்லை என்றாலும் கிடையாது. என்ன காரணம் என்று ஒரு வரி சொல்லும்: ‘இரும்பு குளிர்ச்சி’, ‘கப் நிறையவில்லை’, ‘யூடெக்டிக் உயரம்’. கடைசியில் சொன்னது, டெல்லூரியம் வேலை செய்யாமல் கிராஃபைட் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. வாசகம் தமிழில் வரும், ஒரு பொத்தானை அழுத்தினால் இந்தியில் வரும். எங்கள் மேடையில் பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். முதல் நாளிலிருந்தே அவர்கள் தயக்கமில்லாமல் கையாண்டதற்கு இது பெரிய காரணம்.

முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் எரிச்சல். ஊற்றுகிற நாலு கப்பில் ஒன்றை வேண்டாம் என்றது. கப் வீணாகிறது என்று ஸ்டோர்ஸிலிருந்து போன். நான் செய்தவரைக் கூப்பிட்டு, கொஞ்சம் தளர்த்த முடியாதா என்று கேட்டேன். “முடியும்ணா, ஆனா பண்ண மாட்டேன். வேணும்னா வந்து நீங்க எப்படி ஊத்தறீங்கன்னு பாக்கறேன்” என்றார். வந்தார். ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று பார்த்தார். ஸ்பூனை ஃபர்னஸுக்குள் இரண்டு முறை முக்கிச் சூடாக்கிய பிறகு எடுக்கச் சொன்னார். ஸ்டாண்டை மேடையிலிருந்து மூன்று எட்டு கிட்டே நகர்த்தினார். அவ்வளவுதான். இப்போது நூறு கப்புக்கு நாலைந்துதான் வேண்டாம் என்கிறது. இந்தப் பதினொரு மாதத்தில் ‘சில்’ காரணமாக முழு ஹீட் ஒன்றுகூடப் போகவில்லை.

அவர் பெட்டியைக் கொண்டுவந்த வாரத்தில், நம்பலாமா என்று நானே ஒரு சோதனை செய்தேன். சுத்தச் செம்பு 1084.62 டிகிரியில் உறையும் என்பது சர்வதேச வெப்ப அளவுகோலிலேயே இருக்கிற எண். எலெக்ட்ரிகல் செம்புக் கம்பித் துண்டுகளை மூசையில் (உருக்கும் கிண்ணம்) உருக்கி, அலுமினா உறை போட்ட கே டைப் தெர்மோகப்பிளை (நிக்கல் கலவைக் கம்பி) விட்டு, கப் இணைப்பில் மாட்டி ஆறவிட்டேன். தட்டை 1068-இல் வந்தது. போன் போட்டுக் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். அவர் அமைதியாக, “செம்பு மேல கரித்தூள் போட்டீங்களாண்ணா?” என்றார். போடவில்லை. திறந்து வைத்தால் செம்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அந்தக் கலவை 1066 டிகிரியை ஒட்டித்தான் உறையும். மறுநாள் மேலே கனமாகக் கரித்தூள் மூடிச் செய்தேன். 1083. கே டைப் கம்பிக்கு நல்ல தரத்திலேயே 0.4 சதவீதம், அதாவது இந்த வெப்பத்தில் நாலு டிகிரிக்கு மேல் விலகல் அனுமதி உண்டு. அதை வைத்துப் பார்த்தால் அருமையான எண். போனில் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அந்த 0.4 சதவீதத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். கப்பிலுள்ளதும் கே டைப் கம்பிதான்; அது நாலரை டிகிரி விலகினால் சி.இ.யில் ஏறக்குறைய 0.04 விலகும். அதனால் கப் வரும் அட்டைப்பெட்டி மாறும்போது பழைய அட்டைப்பெட்டிக் கப்பிலும் புது அட்டைப்பெட்டிக் கப்பிலும் ஒரே ஸ்பூன் இரும்பை ஊற்றி ஒப்பிட்டுப் பார்க்கிறோம். வித்தியாசத்தை அந்த அட்டைப்பெட்டியின் எண்ணோடு பதிந்துவைக்க இந்தக் கருவியில் இடம் இருக்கிறது. எந்தக் கருவி வாங்கினாலும் இதைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: காட்டுவது எந்த சி.இ.? புத்தகத்தில் உள்ளது கார்பனோடு சிலிக்கானையும் பாஸ்பரஸையும் கூட்டி மூன்றால் வகுத்துச் சேர்ப்பது. கப் அளப்பது லிக்விடஸ் சி.இ.; அதில் சிலிக்கானில் கால்பங்கு, பாஸ்பரஸில் பாதி. கார்பன் 3.4, சிலிக்கான் 2.0, பாஸ்பரஸ் 0.1 என்றால் முதல் கணக்கில் 4.10, இரண்டாவதில் 3.95. ஒரே இரும்புதான். இதைக் குழப்பிக்கொண்டு கார்பன் ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கருவியில் இரண்டும் பெயரோடு தனித்தனியாக வருகின்றன.

குறைகளும் இருக்கின்றன. சிலிக்கானும் ஒரு எண்ணாக வருகிறது, அதை நம்பி ஃபெரோ சிலிக்கான் போடாதீர்கள். அது கணக்கில் தேறியது, பாஸ்பரஸ் மாறினாலே ஆடிவிடும். சிலிக்கானுக்கு ஸ்பெக்ட்ரோதான் (ஒளியை வைத்துத் தனிமங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர்). எண் காட்டாமல் இருக்கத் தெரிந்த கருவி, இந்த இடத்தில் மட்டும் காட்டாமல் இருந்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

பஸ்ஸர் சத்தம் பத்தவில்லை. மோல்டிங் மெஷின் ஓடும்போது கேட்கவே கேட்காது. மதியம் மேற்கு வெயில் விழும்போது திரை மங்கித் தெரிகிறது, நாங்கள் தகரத்தில் மறைப்புப் போட்டுக்கொண்டோம்.

எஸ்.ஜி. (உருண்டைக் கிராஃபைட் வார்ப்பிரும்பு) செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: மெக்னீசியம் சேர்ப்பதற்கு முன்னால் உள்ள இரும்பைத்தான் டெல்லூரியம் கப்பில் பார்க்க முடியும். சேர்த்த பிறகு ஊற்றினால் மெக்னீசியம் டெல்லூரியத்தைப் பிடித்துக்கொள்ளும், வெள்ளையாக உறையாது. கருவி ‘யூடெக்டிக் உயரம்’ என்று சொல்லி மறுத்துவிடுகிறது, அது நல்லதுதான். ஆனால் ஏன் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு ஏழெட்டு கப் போன பிறகே புரிந்தது. அலுமினியம் வார்க்கும் நண்பர் ஒருவர் தனக்கும் ஒன்று கேட்டார். அவருக்கு வேண்டியது ஹைட்ரஜன் அளவு. உருகிய அலுமினியம் உறையும்போது ஹைட்ரஜன் கரையும் அளவு சுமார் இருபதில் ஒரு பங்காகக் குறைந்து, வெளியேறும் வாயு துளைகளாகிவிடும். அது வேறு சென்சார், வேறு வழி. இந்தப் பெட்டி அதற்கு இல்லை.

மழைக்காலத்தில் கப்புகளை ஈரத்தில் வைக்காதீர்கள். இது கருவியின் குறை இல்லை, ஆனால் ஜூலையில் ஷெட் ஓரத்தில் இருந்த ஒரு பெட்டியிலிருந்து எடுத்த கப் ஊற்றியதும் கொப்பளித்துத் தெறித்தது. நல்லவேளை, முகமூடி போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து கோர் (வார்ப்பின் உட்குழிவுக்கான மணல் அச்சு) காயவைக்கும் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைக்கிறோம்.

பெரிய குறை ஸ்டாண்டுதான். கப்பின் கம்பிகள் தொடும் பித்தளைப் பற்கள் திறந்தே இருக்கின்றன. மணலும் சிந்துகிற இரும்பும் அங்கேதான் போய் அடைகின்றன. வாரத்துக்கு இரண்டு முறை கம்பி பிரஷ்ஷால் தேய்க்காவிட்டால் வளைவில் முள் முள்ளாக வரும். இதைப் போன மாதம் அவரிடம் காட்டினேன். பற்களைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். கப் உட்காரும்போது மட்டும் திறக்கிற மாதிரி ஸ்பிரிங் மூடி ஒன்று செய்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். மெல்டர் அண்ணன் அதற்குள் பழைய பேரிங் கவர் ஒன்றை வெட்டி மூடியாக வைத்திருக்கிறார். இப்போதைக்கு அதுவே போதுமாக இருக்கிறது.